கரையொதுங்கியோரும் கரையிலிருந்தோரும்

ஆங்கிலம் பயிலும் மாணவருள் றொபின்சன் குரூசோவின் கதையை ஒருமுறையேனும் படியாதார் அரியர். கப்பலுடைந்து ஆளில்லாத் தீவொன்றிலே ஒதுங்கிய ஒருவன், தன் கையும் அறிவுமே துணையாக நெடுங்காலம் வாழ்ந்து ஈற்றில் நாடு திரும்பினான் என்பது அக்கதையின் சாரம். டானியல் டீபோ 1719இல் அதனை வெளியிட்ட நாள் முதலாக, தனிமனிதன் எவர் தயவுமின்றித் தனக்கென ஓர் உலகைச் சமைத்துக்கொள்ள வல்லவன் என்னும் எண்ணத்திற்கு அது சான்றாக எடுத்துக் காட்டப்பட்டு வந்துள்ளது. கதையளவில் அது சுவையுடையதே. ஆயின் கடல் உண்மையாகவே கைவிட்ட மாலுமிகளின் வரலாறுகளை ஆராய்வோமாயின், அவற்றுள் ஒன்றேனும் இவ்வெண்ணத்திற்குத் துணை நில்லாமை புலனாகும். டீபோவுக்கு முன்மாதிரியாயிருந்தவன் என்று கூறப்படும் அலெக்சாந்தர் செல்கேர்க் என்பவனையே கொள்வோம். தென்கடலிலுள்ள யுவான் பெர்னாண்டஸ் தீவிலே 1704 முதல் 1709 வரை அவன் தனித்திருந்தான் என்பது மெய். எனினும் அவனுக்கு ஊனும் உடையுமாயுதவிய ஆடுகள் அத்தீவிற்கு உரியவை அல்ல. முன்னர் அங்கு வந்துபோன ஸ்பானியர் விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவை. முன்சென்ற மனிதர் இட்ட பிச்சையே பின்வந்தவனின் உயிரைக் காத்தது.

இதனினும் கொடிய நிலத்திலே, இதனினும் நெடுங்காலம் உயிர்தாங்கியோர் நால்வர் உளர். அவர் உருசிய நாட்டு மாலுமிகள். வடமுனைக்கு அண்மையிலே ஸ்பிற்ஸ்பேர்கன் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. ஆண்டிற் பல திங்கள் சூரியன் தோன்றா இரவும், மரமென ஒன்று முளையா மண்ணும் அங்குள்ளன. 1743ஆம் ஆண்டிலே மெசென் என்னும் ஊரிலிருந்து கடல்விலங்கு வேட்டைக்காகப் புறப்பட்ட கப்பலொன்று, அத்தீவுக்கூட்டத்தின் கிழக்கிலுள்ள எட்ஜ் தீவுக்கருகே பனிக்கட்டிகளிடையே சிக்கிக்கொண்டது. அக்கப்பலில் இருந்தோர் 14 பேர். தம்மூரார் முன்னொருகால் அத்தீவிலே குளிர்காலத்தைக் கழிக்கும் நோக்குடன் மரக்குடிசையொன்று கட்டியிருந்தனர் என்பது அவருள் ஒருவனின் நினைவுக்கு வந்தது. அதனைத் தேடுமாறு அலெக்சி கிம்கோவ், இவான் கிம்கோவ், ஸ்ரெபான் சறாபோவ், பியோதர் வெறிகின் என்னும் நால்வர் அனுப்பப்பட்டனர். ஒரு துப்பாக்கி, பன்னிரண்டு வெடிகளுக்கான மருந்தும் குண்டும், ஒரு கோடரி, ஒரு கெண்டி, கத்தி, தீத்தட்டிக் கருவி, சிறிதளவு மா, ஆளுக்கொரு புகைக்குழாய் என்பனவே அவர் கொண்டு சென்றவை. குடிசை கிடைத்தது. இரவை அங்குக் கழித்து விடியற்காலையிற் கரைக்கு வந்து பார்த்தபோது, புயல் பனியையும் கப்பலையும் ஒருங்கே கொண்டுபோயிருந்தது. அக்கப்பல் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை.

பன்னிரண்டு குண்டுகளால் பன்னிரண்டு கலைமான்களை வீழ்த்தினர். அதன் பின் துப்பாக்கி வெறும் இரும்பாயிற்று. வேறெங்கோ உடைந்த கப்பல்களின் பலகைகளை அலை கொண்டுவந்து கரையிலே தள்ளியிருந்தது. அவற்றிலிருந்த ஆணிகளையும் கொக்கியையும் அடித்து ஈட்டிமுனைகள் செய்தனர். அவ்வீட்டியாற் கொன்ற வெண்கரடியின் நரம்பே, மிதந்துவந்த மரவேரில் வளைத்த வில்லுக்கு நாணாயிற்று. களிமண்ணில் அகல் செய்து கலைமான் கொழுப்பை எண்ணெயாக வார்த்து, ஏற்றிய விளக்கை அணையவிடாது காத்தனர். இக்காலத்துள் அவர் கொன்ற மான்கள் ஏறக்குறைய 250, கரடிகள் பத்து.

உணவிலும் பார்க்க அவரை அச்சுறுத்தியது வேறொன்று. காய்கறியின்றி நெடுநாள் வாழும் மாலுமிகளைப் பீடிக்கும் பல்லீறு அழுகல் நோயே அது. இவான் கிம்கோவ் அந்நாட்டுக் குளிரை முன்னரே கண்டவன். நோய் தீர்க்கும் முறையையும் அறிந்திருந்தான். பச்சையிறைச்சியை உறைந்தவாறே உண்ணுதல், மானின் இளஞ்சூட்டுக் குருதியைப் பருகுதல், அங்கு முளைக்கும் ஒருவகைப் பூண்டைத் தின்னல், உடலை ஓயவிடாது இயக்கல் என்பனவே அம்முறை. மூவர் அதன்படி ஒழுகிப் பிழைத்தனர். நான்காமவனான பியோதர் குருதி பருக அருவருத்தான். இயல்பிலே சோம்பலும் உடையவன். அவன் நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தான். உண்ணவும் எழவும் இயலாத அவனுக்கு ஏனைய மூவரும் தாய்போல் ஊட்டி வந்தனர். மீட்பு வருமுன்னரே அவன் இறந்தான். பனியைத் தோண்டிப் புதைத்தனர். உழையாதவனுக்கும் ஊட்டிய அம்மூவரின் செயலை வீரக்கதை எழுதுவோர் ஒரு வரியிலே கடந்து விடுகின்றனர். கரடியை எதிர்த்ததிலும் அஃது எளிதன்று என்பது எம் கருத்து.

1749 ஆகஸ்ட் 15இல் ஒரு கப்பல் தென்பட்டது. தீ மூட்டியும், கோலிற் கட்டிய மான்தோலை அசைத்தும் அதனை அழைத்தனர். அலெக்சி வைத்திருந்த நாட்கணக்கின்படி அன்று ஆகஸ்ட் 13. இரவும் பகலும் திங்கட்கணக்காக நீளும் நாட்டிலே, ஆறாண்டிற்கு இரு நாட்பிழையே நேர்ந்தது. ஆர்க்காஞ்சல் துறைமுகத்தை அவர் அடைந்தபோது, கரையிலே நின்ற அலெக்சியின் மனைவி கணவனைக் கண்ட பதற்றத்தில் நீரில் விழுந்து மயிரிழையிற் பிழைத்தாள் என்ப. திரும்பியோர் நெடுநாள் ரொட்டி உண்ணமாட்டாதவராயிருந்தனர். வயிறு அதனை மறந்துவிட்டது. பீற்றர்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த லெ றுவா என்னும் பிரெஞ்சு அறிஞர் அவர்களை நேரில் விசாரித்து 1766இல் நூல் வெளியிட்டமையாலேயே இவையனைத்தையும் நாம் அறிகின்றோம்.

ஆளில்லாத அத்தீவிலும் அவர் தனியராயிருக்கவில்லை. முன்னோர் கட்டிய குடிசையும், யாரோ ஆண்டுடைந்த கப்பலின் ஆணியும், ஒருவருக்கொருவர் செய்த பணிவிடையும் அவரைக் காத்தன. இனி, ஆள் நிறைந்த தீவொன்றிலே கடலோடிகள் சிக்கிக்கொண்டால் யாது நிகழும்? இதற்கு விடைதேடி நாம் வடகடலுக்குச் செல்லவேண்டியதில்லை. நமது கீழ்க்கரையிலேயே விடை உண்டு.

கல்முனையிலிருந்து கடலோரமாக வடக்கே சென்று, மட்டக்களப்பையும் வாழைச்சேனையையும் வெருகலையும் கடந்தால், மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக்குடாவை அடையலாம். அதன் கரையிலுள்ள முஸ்லிம் பேரூர் மூதூர். பதினேழாம் நூற்றாண்டிலே மட்டக்களப்பும் கொட்டியாரமும் கண்டி மன்னனுக்குக் கடல்வழி தந்த வாயில்களாயிருந்தன. 1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிமன்னனைக் காண வந்திறங்கியதும் மட்டக்களப்பிலேயே. போர்த்துக்கேயராலே துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குச் சேனரத மன்னன் இக்கரையிலே குடியிருப்பளித்தான் என்பது வரலாற்றாசிரியர் பலர் எடுத்துரைப்பது. கரைவாகுப் பற்றிலும் சம்மாந்துறைப் பற்றிலும் வாழும் நம்மவர் இதனை மறப்பதில்லை. அச்சேனரதனின் மகனே இரண்டாம் இராசசிங்கன். தந்தை அடைக்கலம் கொடுத்த கடற்கரையிலே மகன் பிறநாட்டாரைப் பிடித்து வைத்தான்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்னும் கப்பல் 1658இன் தொடக்கத்திலே இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே எழுந்த புயலில் அதன் பெரிய பாய்மரம் இழக்கப்பட்டது. புதிய மரம் நாட்டுவதற்கும், அதற்கிடையிற் சிறிது வணிகம் செய்வதற்குமாக அது கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் உடன் வந்து அங்கே இறங்கினர். ஊர்ச்சனம் அன்புடனேயே பழகிற்று. மரமும் கிடைத்தது. அவ்வேளையிலேயே மன்னனின் திசாவை படையுடன் வந்து சேர்ந்தான். 1660 ஏப்பிரலில், புளியமர நிழலிலே அமர்ந்திருந்த தலைவன் றொபேட் நொக்ஸும், அவனது பத்தொன்பது வயது நிரம்பிய அதே பெயருடைய மகனும், ஏனைய மாலுமிகளுமாக 16 பேர் பிடிபட்டனர்.

கப்பலையும் கைப்பற்ற விரும்பிய திசாவை, அதனை ஆற்றினுள் கொண்டுவருமாறு கூறி மகனை அனுப்பினான். தந்தையோ கப்பல் தப்பிச் செல்லவேண்டும் என்று மகனிடம் இரகசியமாகச் சொல்லியனுப்பினான். மகன் தன்னிடம் திரும்பிவரவேண்டும் என்றும் ஆணையிட்டான். கப்பலேறிய இளைஞன் அங்கேயே தங்கியிருப்பின் அவன் வாழ்க்கையின் இருபது ஆண்டுகள் அவனுடையனவாயிருந்திருக்கும். அவன் வாக்குத் தவறாது கரைக்கு மீண்டான். கப்பல் போயிற்று.

இவர்களுக்கு முன்னரே வேறு 13 ஆங்கிலேயர் கண்டி நாட்டிலே சிறையிருந்தனர். அவர் 'பேர்சியா மேர்ச்சன்ற்' என்னும் கப்பலைச் சேர்ந்தோர். 1658 ஆகஸ்டில் அக்கப்பல் மாலைதீவுப் பாறையில் மோதியுடைய, படகேறி இலங்கையின் மேற்குக் கரையை நாடிவந்து, கற்பிட்டிப் பகுதியில் இறங்கியபோது பிடிபட்டவர். கப்பலுடைந்து கரையொதுங்கியோர் என்னும் பெயர் இவர்களுக்கே முற்றும் பொருந்தும்.

மன்னன் இவர்களை விலங்கிடவில்லை, கொல்லவுமில்லை. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்துக் குடியமர்த்தினான். ஊரார் முறைவைத்து நாளுக்கு இருவேளை சோறு கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது கட்டளை. வேலை வாங்குதல் இல்லை. ஊரெல்லையைத் தாண்டுதலே குற்றம். இதனைப் படிப்போர் இராசசிங்கனின் விசித்திர குணத்தைப் பற்றியும், நொக்ஸின் துயரைப் பற்றியுமே பேசுகின்றனர். அச்சோற்றுக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று வினவுவார் இலர். அரசனின் களஞ்சியத்திலிருந்து அன்று. மழையை நம்பி விதைத்து, அரசனுக்கு ஊழியமும் செய்து, மிஞ்சியதில் தம் பிள்ளைகளுக்கு ஊட்டிய குடியானவரின் அடுக்களையிலிருந்தே வந்தது. வேளாண்மை செய்யும் நம் பகுதியாருக்கு அதன் பாரம் விளக்க வேண்டியதன்று. ஓராண்டு, ஈராண்டன்று, ஆண்டுக்கணக்காக அவர் அதனைச் சுமந்தனர். மாலுமிகள் சிலர் சோறு போதாதென்று சண்டையிட்டதையும், சமைத்த உணவுக்குப் பதிலாக அரிசியாகவே தருமாறு கேட்டு மிகுதியை விற்றதையும் நொக்ஸே ஒளியாது எழுதியுள்ளான். அவ்வகையில் அவன் நேர்மையுடைய ஆசிரியன்.

தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே ஏழுகோறளைப் பகுதியிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிலே வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரி 9இல் தந்தை இறந்தான். எழுந்து நிற்கவும் வலியில்லாத மகன் ஊராரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்து, பிணத்தைக் கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லுமாறு கூறினராம். பிணந்தொடுதல் அவரவர் குலவழக்கத்தாற் கட்டுண்ட நாட்டிலே அது கொடுமையென்று கருதிச் செய்யப்படவில்லை போலும். ஆயினும் இளவயதுப் பிள்ளையின் உள்ளம் அதனை எவ்வாறு தாங்கியிருக்கும்? அவன் கூலி கொடுத்து ஒருவனைத் துணைகொண்டு, தன் கையாலேயே தந்தையை அடக்கம் செய்தான்.

உடுத்த துணி கிழிந்தது. அரசன் சோறு தந்தானேயன்றித் துணி தரவில்லை. இதுவே அவர்களைத் தொழிலுக்குத் திருப்பியது. பருத்தி நூலால் தொப்பி பின்னும் வித்தையை அவர் கற்றனர். மூன்று பென்ஸ் பெறுமதியான நூலிற் பின்னிய தொப்பி ஒன்பது பென்ஸ் பெறுமதிக்கு விலைபோயிற்று. மருதமுனைத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்த எமக்கு இச்செய்தி தனியொரு மகிழ்ச்சி தருவது இயல்பே. கரடிநரம்பு உருசியனுக்குச் செய்ததை இங்குப் பருத்திநூல் செய்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வில் எய்வதற்கு அயலார் வேண்டியதில்லை. தொப்பி விற்பதற்கு வாங்குவோர் வேண்டும். சந்தையில்லாத கைத்தொழில் யாதும் இல்லை. தொப்பி பின்னுவோர் பெருகியபோது அதன் விலையும் விழுந்தது. சிலர் சாராயம் வடித்தனர். சிலர் பன்றியும் கோழியும் வளர்த்தனர். சிலர் கடை வைத்தனர்.

நொக்ஸ் நெல் கடன் கொடுக்கலானான். ஆண்டிற்கு நூற்றுக்கு ஐம்பது பொலி. முதல் இரட்டித்தபின் மேலும் பொலி ஏறாது என்பது நாட்டு வழக்கு. ஊரார் சோற்றினால் உயிர்வாழ்ந்த கைதி, சில ஆண்டுகளில் ஊராருக்கே கடன்காரனானான். பின்னர் எலதெத்த என்னுமிடத்தில் 25 இலாரிக்குக் காணி வாங்கி வீடும் கட்டிக்கொண்டான். அந்நியக் கைதிக்கு நிலம் விற்கத் தடையில்லை என்பதும், கொடுத்த கடனை நாட்டு வழக்குப்படி அறவிட முடிந்தது என்பதும் கண்டி அரசைப்பற்றி நொக்ஸ் கூறும் கடுஞ்சொற்களோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

அவன் வரலாற்றிலே எம்மைப் பெரிதும் கவர்ந்தது வேதநூல் கிடைத்த செய்தி. அவனிடம் இருந்தவை இரண்டு பக்திநூல்களே, அவையும் மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் அவன் மீன்பிடித்துக் கொண்டிருந்த வேளை, அவனது பணியாளான கறுப்பினச் சிறுவனை ஒரு முதியவர் அணுகி, உன் தலைவனுக்கு நூல் வாசிக்கத் தெரியுமா என்று வினவினார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்திலே அவர் கைக்கு வந்த நூல் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஆங்கில வேதநூல்! நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரேயொரு பொற்காசைக் கொடுத்துவிடத் துணிந்தான். முதியவரோ ஒரு பின்னற்றொப்பியோடு மனநிறைவடைந்தார். அச்சிறுவனின் பெயரையும் முதியவரின் பெயரையும் நூலிலே காணோம்.

1664இல் மன்னனுக்கெதிராகக் கலகம் மூண்டது. சென்னையிலிருந்த கம்பனித் தலைவர் விடுதலைக்காக எடுத்த முயற்சியும் அதனோடு குலைந்தது. அதன் பின்னர் நொக்ஸ் தன் கால்களையே நம்பினான். அவனும் ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழனும் மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்து ஊர் ஊராக விற்றுத் திரிந்தனர். வெளிக்கு அது வணிகம், உள்ளே வழியறிதல். வடக்கே செல்லச் செல்ல அவர் சரக்கும் வழியறிவும் ஒருங்கே பெருகின. 1679 செப்டெம்பர் 22இல் இறுதியாகப் புறப்பட்டு அநுராதபுரத்தை அடைந்தனர். அங்கிருந்தோர் தமிழ் பேசுவோர். இவர்கள் கற்றிருந்த சிங்களம் அங்குப் பயன்படவில்லை. அப்பால் மல்வத்து ஓயாவையே வழிகாட்டியாகக் கொண்டு காட்டினூடே நடந்தனர். கடலை அணுகுமிடத்து நாம் அருவியாறு என அழைக்கும் ஆறு அதுவே. யானைக்கும் மனிதருக்கும் ஒருங்கே அஞ்சி நடந்து, அக்டோபர் 18இல் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பது ஆண்டும் ஆறு திங்களும் கழிந்திருந்தன.

1680இல் இலண்டனை அடைந்த நொக்ஸின் நூல் மறு ஆண்டிலேயே அச்சேறியது. அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார். கண்டி இராச்சியத்தின் குடிமக்கள் எதனை உண்டனர், எவ்வாறு உழுதனர், எவ்வாறு மணந்தனர் என்பவற்றை அறிய அதற்கிணையான சாட்சியம் வேறில்லை. கண்டியிலே முஸ்லிம்களின் பள்ளி ஒன்று இருந்ததையும், காணியுடையோர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுத்துவரும்படி முன்னொரு மன்னன் விதித்திருந்ததையும் அதிலேதான் காண்கின்றோம். டீபோ இந்நூலை நன்கறிந்தவர். 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்ரன்' என்னும் தம் கதையிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்துள்ளார். குரூசோ நூலுக்கும் அது கைகொடுத்ததென்று கருதுவோர் உளர். அவ்வாறாயின் ஒன்று கவனிக்கத்தக்கது. கண்டி மலைநாட்டிலிருந்து குரூசோவின் தீவுக்குச் சென்றடைந்தபோது, முறைவைத்துச் சோறு கொணர்ந்த ஊரார் அனைவரும் வழியிலே உதிர்ந்துவிட்டனர். எஞ்சியவன் வெள்ளிக்கிழமை என்னும் ஓர் ஏவலாளன் மட்டுமே.

நொக்ஸ் மீண்டும் கம்பனிக் கப்பலொன்றின் தலைவனானான். 1684இல் அவனுக்கு இடப்பட்ட பணி, மடகாஸ்கருக்குச் சென்று அடிமைகளை வாங்கிச் சென் எலெனாத் தீவிற்குக் கொண்டுபோதல். அவன் மறுக்கவில்லை. பிறந்த நாட்டை நினைந்து பத்தொன்பது ஆண்டுகள் ஏங்கியவன், பிறரை அவர் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனான். காலத்தின் வழக்கம் என்று இதற்கு அமைதி கூறுவோர் உளர். கைதிகளைப் பிடித்துவைத்தல் இராசசிங்கனின் காலத்து வழக்கமே என்பதையும் அவர் ஒப்புக்கொள்வாராயின் அவ்வமைதி செல்லும். 1720இல் நொக்ஸ் காலமானான்.

மூதூரிலே வெள்ளைக்காரன் மரம் என வழங்கிய புளியமரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. 'ஆன்' கப்பலின் தலைவன் 1660இல் அங்கே பிடிபட்டான் என்பதே அதன் வாசகம். நொக்ஸ் அரிப்பை நோக்கி நடந்தபோது தோழர் பலர் கண்டி மலைகளிலேயே இருந்தனர். அவருட் சிலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, வயலும் வீடுமாக அமைந்துவிட்டவர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படை கொட்டியாரக்குடாவுக்கு வந்தபோது கண்டிக்கு அனுப்பப்பட்ட தூதுவனையும் இராசசிங்கன் திருப்பியனுப்பவில்லை. லனரோல் என்னும் அத்தூதுவனின் பெயர் சிங்களக் குடும்பப் பெயராக இலங்கையில் இன்றும் வழங்கி வருகிறது.